கிள்ளையில் நடந்த அமெரிக்கத் தேர்தல்

நான் எழுதுகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன். ஊர் சுற்றிப் பார்த்தவன் எழுதுகிற மாதிரி இதில் எதையும் தேடாதீர்கள். அமெரிக்கத் தேர்தல் வாரியம் என் கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து, "உனக்குத்தான் தமிழ் தெரியும். கிள்ளைக்குப் போய் அங்கிருக்கிற நம் ஆட்களின் ஓட்டை வாங்கிக்கொண்டு வா" என்றது. போனேன். ஐந்து நாள். அவ்வளவுதான்.

போர் என் அப்பா பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. குண்டுகள் விழுந்து அமெரிக்காவில் பாதி எரிந்த பிறகு, கிடைத்த கப்பலில் ஏறியவர்களில் சில நூறு பேர் கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கிள்ளைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னமும் அங்கேதான், அகதி அட்டையோடு இருக்கிறார்கள். நான் போனது எதிர்த் திசையில். அமெரிக்காவில் தண்டவாளங்களைத் திரும்பப் போட இங்கிருந்து ஆள் எடுத்தபோது, கடலூர் செம்மண்டலத்தில் வேலையில்லாமல் கிடந்த நான் பெயர் கொடுத்தேன். அங்கேயே ரூத்தைக் கட்டிக்கொண்டேன். ஒரு மகன், இப்போது ஒரு பேத்தி.

நாங்கள் இருக்கும் ஊர் பார்லோ. எரிந்த பகுதியின் ஓரத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் பல் கொட்டும், பிறகு மற்றதும் கொட்டும். செவ்வாய்க்கிழமைதோறும் மேற்கிலிருந்து ஒரு ரயில் தண்ணீர் கொண்டுவரும். அந்த ரயிலுக்கு நான்தான் ஃபிட்டர்.

அமெரிக்காவில் சட்டசபைக்குப் பத்தொன்பது கட்சிகள். ஒரே ஒரு ஆற்றங்கரைக்கு மட்டும் ஒரு கட்சி. ராஜா வேண்டும் என்று ஒரு கட்சி. பிரிந்து போன கட்சியிலிருந்து பிரிந்து போனவர்களுக்கு ஒன்று. ஆனால் சண்டையெல்லாம் ஒன்றுக்குத்தான். மிச்சமிருக்கிற எண்ணெயை எதற்கு எரிப்பது? எங்களைப் போன்ற ஊர்களுக்கு ஓடும் தண்ணீர் ரயிலுக்கா, வெளிநாட்டில் கிடக்கிறவர்களைத் திரும்பக் கூட்டிவரும் கப்பலுக்கா? ஊரெல்லாம் எண்ணி முடித்தபோது கப்பல் பக்கமும் ரயில் பக்கமும் சமமாக நின்றன. சமமாகவே நின்றால் பழைய ஏற்பாடு தொடரும், ரயில் ஓடும். மிச்சம் ஒரே ஒரு இடம். வெளியே இருக்கிறவர்களுக்கென்று இந்த முறைதான் முதன்முதலாக ஒதுக்கிய இடம். கிள்ளை.

நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று வாரியத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் நாள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் தங்கச்சி புருஷன் ராஜேந்திரன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னா மச்சான், அமெரிக்காவுலேர்ந்து வர்ற, ஒரு தகர டப்பாவ எடுத்தாந்துருக்க. இத நம்ம ஊர்லயே வாங்கிருக்கலாமே."

"இதுல ஓட்டுப் போடுவாங்க."

"யாருக்கு?"

"பத்தொம்பது கட்சி இருக்கு."

"பத்தொம்பதா? நீங்க அங்க குண்டு போட்டு அழிஞ்சீங்களா, கட்சி ஆரம்பிச்சு அழிஞ்சீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். செம்மண்டலம் போவதற்குள் அது முட்டியில் இடித்து இடித்துத் தோல் போய்விட்டது.

வீட்டில் தங்கச்சி வசந்தா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது. ஆனால் கை கழுவப் பின்பக்கம் போனபோது, குழாயடியில் பக்கெட் நிரம்பி வழிந்து சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை. நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. வசந்தா ஓடிவந்து குழாயை மூடினாள்.

"தண்ணிக்குப் போயி இப்டிக் கத்துறியேண்ணா. உப்புத் தண்ணிதான் அது, துணி தொவைக்கறதுக்கு."

உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு பார்லோவில் ஒரு தெருவே குடத்தோடு வந்து நிற்கும். இதை அவளிடம் சொல்லி என்ன பயன்? கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

இரண்டாம் நாள் காலை வாக்குச்சீட்டு வாங்க திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். வாரியத்திடம் காகிதம் இல்லை. அதனால் மாதிரியை மட்டும் அனுப்பி இங்கேயே அச்சடிக்கச் சொல்லியிருந்தார்கள். அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"போன வாரமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே சார். எமிலின்னு ஒரு அம்மா, கிள்ளைக்காரங்க. கமிட்டித் தலைவின்னு கடுதாசி காட்டுனாங்க. ஏன் சார், பேப்பர் தோள்துண்டு நீளத்துக்கு வருதே, கட்சியக் கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதா?"

அப்போதே கிள்ளைக்கு ஓடிப்போய் வாக்குச்சீட்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. கடுதாசி காட்டித்தான் வாங்கியிருக்கிறார்கள், சீட்டு பத்திரமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்து நின்றது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கண்டக்டர் ஜாக்கியை வைத்துக்கொண்டு தடுமாறியதைப் பார்க்கச் சகிக்காமல் நானே கீழே படுத்து மாட்டிக் கொடுத்தேன். எழுந்து பார்த்தால் ஒரு அம்மா என் தகரப் பெட்டி மேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்.

"எழுந்திரும்மா, அது ஓட்டுப் பெட்டி."

"நம்ம ஊருல இப்ப தேர்தல் இல்லியே."

"அமெரிக்காவுக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. "அதுக்கா இவ்ளோ மெரட்டுற. வெய்யில் ஜாஸ்தியா இருக்குதுப்பா, பஸ்சு கெளம்பட்டும்" என்றார். அமெரிக்கச் சட்டசபையின் கதி புதுச்சத்திரம் புளியமரத்தடியில் அரைமணி நேரம் அவருக்கு அடியில் இருந்தது.

சிதம்பரத்தில் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். முப்பது வருஷமாக அந்தக் கொத்சை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மறந்தே போயிருந்தது. வாயில் வைத்ததும் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எமிலியின் மகள் கிரேஸ் அங்கே என்னைப் பார்க்க வந்தாள். இருபத்து மூன்று வயது. நர்ஸ் படிப்பு முடித்தவள், ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். முகம் வெள்ளைக்காரி முகம், பேச்சு சுத்தமாகக் கிள்ளை.

"நர்சுக்குப் படிச்சுட்டு ஏம்மா மாத்திரை எடுத்துக் குடுக்கற?"

"அட்டைய பாத்தா வேலை குடுக்க மாட்டாங்க மாமா. மொதல்ல மார்க்கப் பாத்து வாம்மான்னு கூப்புடுவாங்க. அட்டையப் பாத்துட்டு சொல்லி அனுப்புறோம்னுவாங்க. ஏழு எடம் போயிட்டேன்." அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "அங்க நர்சு வேணுமா மாமா?"

வேண்டும். பார்லோவில் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. என் பேத்தி பிறந்தபோது ரூத்துதான் பிரசவம் பார்த்தாள். ஆனால் தேர்தல் அதிகாரி தேர்தலைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ வாக்காளரிடம் பேசக் கூடாது என்று விதி. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். விதி எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கிரேசோடு டவுன் பஸ்ஸில் கிள்ளை. பிச்சாவரம் போகும் டூரிஸ்டுகளும் மீன் கூடைகளும் நாங்களும். காலனி என்றால் மூன்று வரிசை ஆஸ்பெஸ்டாஸ் வீடுகள், கடைசியில் ஒரு ஜெபக் கூடம். எமிலி வாசலிலேயே நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இறால் பண்ணையில் தரம் பிரிக்கிற வேலை. கையில் அந்த வாசனை போகாது என்று சொல்லிக்கொண்டே நண்டுக் குழம்பு ஊற்றினாள்.

"நல்லா ஒடைச்சி சாப்புடுண்ணே. அங்க நண்டு கெடைக்குமா?"

"கெடைக்காது."

"வேற இன்னா கெடைக்கும்?"

நான் நண்டுக் காலைக் கடித்தேன்.

பக்கத்து வீட்டு டேவிட் வந்து திண்டில் சாய்ந்தான். படகு ஓட்டுகிறவன், எமிலிக்கு அக்கா வீட்டுக்காரன். "அவரு சொல்ல மாட்டாரு எமிலி, ஆப்பீசரு. ஆமாங்க சார், எங்க தாத்தா ஓஹாயோ. இந்த ஓஹாயோ எங்க இருக்குது, கடலுக்குப் பக்கமா?"

"இல்ல. உள்ள."

"அப்ப படகு ஓட்ட முடியாதா?" அவன் முகம் விழுந்துவிட்டது. எமிலி சிரித்தாள்.

"போனா படகு ஓட்டிதான் ஆவணுமா மாமா? வேற வேலையே உனக்குத் தெரியாதா? அங்க போனா நாம அகதி இல்ல. அது போதாதா?"

எனக்கு அடக்க முடியவில்லை. விதியை மீறிக் கேட்டேன். "போயி அங்க ஒண்ணுமே இல்லாட்டி என்ன பண்ணுவ? சாம்பலும் தூசியும்தான்னா?"

எமிலி எழுந்து உள்ளே போனாள். அகதி அட்டையை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று தலைமுறைப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிறந்த ஊர் கிள்ளை, நாடு இல்லை.

"நீ அங்க போன, அவுங்க உன்ன ஆப்பீசர் ஆக்கி இங்கயே அனுப்புறாங்க. நாங்க இங்கியே பொறந்தோம், எம் பொண்ணுக்கு ஊசி போடற வேலை கூட இல்ல. சாம்பலோ தூசியோ, எங்களுதுன்னு இருக்கட்டும். கப்பலு வருட்டும்ணே."

கப்பலுக்குத்தான் மொத்தக் காலனியும் ஓட்டுப் போடப் போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் கணக்காகப் புரிந்தது. எமிலிக்குக் கப்பல் வந்தால் என் பேத்திக்குத் தண்ணீர் நிற்கும். அவ்வளவு சின்ன விஷயம் அது.

நான்காம் நாள் ஓட்டு. காலை ஏழு மணிக்கு ஜெபக் கூடத்தில் மேஜை போட்டார்கள். வெளியே ஆட்கள் புதுத் துணி உடுத்தி வரிசையில் நின்றார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது. எந்தக் கட்சிக்கும் அங்கே ஏஜென்ட் கிடையாது. நானும், சாட்சிக்கு எமிலியும் கிரேசும்தான். எமிலி வாக்குச்சீட்டுக் கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தாள். கட்டைப் பிரித்தேன்.

ஒவ்வொரு சீட்டிலும் நான்கு மூலையிலும் மஞ்சள்.

"ரெண்டு நாளு உக்காந்து வெச்சோம்ண்ணே, நானும் கிரேசும்" என்றாள் எமிலி. "ஈரம் இல்ல, நல்லா காய வெச்சுதான் கட்டுனோம். மொத ஓட்டு. வெறும் பேப்பரா குடுக்க மனசு வரல."

அவள் கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பாள், பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு வைப்பாள். கிள்ளையில் எல்லோரும் வைக்கிறார்கள், அவளும் வைத்தாள். அதில் என்ன தப்பு? ஆனால் எங்கள் தேர்தல் விதியில், பென்சிலால் போடும் ஒரு குறியைத் தவிர சீட்டில் வேறு எந்தக் கறை இருந்தாலும் செல்லாது. முதல் தேர்தல்களில் சீட்டில் அடையாளம் போட வைத்து, யார் யாருக்குப் போட்டார்கள் என்று பார்த்து அடித்தார்கள். அதனால் வந்த விதி. எண்ணுகிறவர்களுக்கு மஞ்சள் என்றால் என்னவென்று தெரியாது.

விதியில் ஒரு வழியும் இருக்கிறது. வாக்காளர் கைக்குப் போவதற்கு முன்பே எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி கறை இருந்தால், அதிகாரி படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் அதை எழுத வேண்டும். எழுதினால் சீட்டு செல்லும். ஒரு வரி போதும்.

"நல்லாருக்குதாண்ணே?" என்றாள் எமிலி.

"ம்" என்றேன். முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வராத ஆள் ஒருவரும் இல்லை. படுத்த படுக்கையாக இருந்த ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். டேவிட் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டான். வெளியே போய், "சார், போட்டுட்டேன், ஓஹாயோவுல ஒரு சின்ன ஏரியாச்சும் இருக்கும்ல?" என்று கத்தினான். வரிசை முழுக்கச் சிரித்தது.

பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்தேன். படிவத்தை நிரப்பி, கையெழுத்துக்கு எமிலி பக்கம் தள்ளினேன். படிவம் ஆங்கிலம். எமிலிக்குப் பெயர் எழுத மட்டும் தெரியும். அவள் போட்டுவிட்டாள். கிரேஸ் போடுவதற்கு முன்பு மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள்.

"மாமா, குறிப்புன்னு இந்தக் கட்டம் காலியா கெடக்குதே. ஏதாச்சும் எழுதணுமா?"

"எழுத ஒண்ணுமில்ல."

"கோடாச்சும் போடுங்க. பேஷன்ட் சார்ட்டுல காலியா வுட்டா எங்க சிஸ்டர் திட்டித் தீத்துடுவாங்க."

என் பேனாவாலேயே அந்தக் கட்டத்தின் குறுக்கே அவள் எதிரில் ஒரு கோடு போட்டேன். நேராகத்தான் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தாம் நாள் கிளம்பினேன். எமிலி சிதம்பரம் வரை வந்து வழியனுப்பினாள். இறால் பண்ணையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். புளிச்சோறு ஒரு பொட்டலம், கருவாடு ஒரு பொட்டலம், பெரிய பாட்டிலில் தண்ணீர்.

"வழியில கண்ட தண்ணியும் குடிக்காதண்ணே. காய்ச்சி ஆற வெச்சது."

வாங்கிக்கொண்டேன். கடலூரில் ராஜேந்திரன், "இன்னா மச்சான், மூஞ்சி செத்துப்போயி கெடக்குது, தோத்துட்டியா?" என்றான். நான் தேர்தலில் நிற்கவில்லை என்றேன்.

அமெரிக்காவில் எண்ணுகிற இடத்தில் பெட்டியை என் முன்னால்தான் திறந்தார்கள். ஒருவர் முதல் சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு படிவத்தை எடுத்துக் குறிப்புக் கட்டத்தைத் தேடினார். "உனக்கு இதைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அத்தனையும் செல்லாது என்று எழுதினார்கள். கிள்ளை இடம் காலி. இரண்டு பக்கமும் சமம். ரயில் ஓடுகிறது.

ரூத்திடம் சொன்னேன். பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், ரயில் தண்ணீரில். தொடர்ந்து குளிப்பாட்டினாள்.

கிரேஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. செல்லாது என்று மட்டும்தான் வாரியம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. கடிதத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "பென்சிலை யாரும் அழுத்திப் போடவில்லை, அதனால்தான் போய்விட்டது என்று அம்மா வீடு வீடாகப் போய்ச் சண்டை போடுகிறார்கள். டேவிட் பெரியப்பா தான்தான் தப்பாகப் போட்டிருப்பேன் என்று அழுகிறார். எங்கே தப்பு நடந்தது என்று நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள் மாமா. சகுனம் போதவில்லை என்று அம்மா நினைக்கிறார்கள். அடுத்த முறை மஞ்சளோடு குங்குமமும் வைக்கப் போகிறார்களாம்."

இரண்டு மாதமாக அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. தனியாக எழுதினால் எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் தமிழில், அச்சில், எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கிரேஸ் நிற்கிற மருந்துக்கடையில் பத்திரிகை தொங்கும், நான் பார்த்தேன்.

கிரேஸ், அம்மாவுக்குப் படித்துக் காட்டு. யாரும் தப்பாகப் போடவில்லை. பென்சில் நன்றாக அழுந்தியிருந்தது. மறுபடி சொல்கிறேன், நான் எழுதவேண்டிய ஒரு வரியை எழுதவில்லை. எமிலி, அடுத்த முறை சீட்டில் எதுவும் வைக்காதே. வெறும் பேப்பராகவே கொடு. பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறவனிடம், உட்காரச் சொல்வதற்கு முன்பு, எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேள்.